எங்க ஊர் சுகாதார நிலையத்துல புதுக் கட்டடம் திறந்தாங்க: கல்வெட்டு வந்தாச்சு, பணியிடம் எப்போ வரும்?

ஆத்தங்கரைவாசி எழுதியது:

எங்க ஊர் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடுதல் கட்டடம் கட்டி நேத்து திறந்துட்டாங்க. டெல்டாவில் உள்ளடங்குன ஊர். பேர் வேண்டாம், கீழே நான் கேக்கப்போற விஷயத்தால அங்க வேலை பாக்குற யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது.

சென்னையிலிருந்து காணொலி வழியா ஒரே நேரத்துல பல ஊர்க் கட்டடங்களைத் திறந்தாங்க. இங்க சட்டமன்ற உறுப்பினர் வந்து குத்துவிளக்கு ஏத்தினார். வாசல்ல வாழைமரம், பந்தல், நாற்காலி நிறைய சனம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல வீடு வீடா வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்குற பொண்ணுங்க எல்லாரும் வந்திருந்தாங்க. கர்ப்பிணிகளுக்கு மேடையில் வச்சு சத்துணவுப் பெட்டகம் கொடுத்தாங்க. பழைய நிலையத்துக்கு அந்தக் காலத்துல இடம் எழுதிக் கொடுத்த குடும்பத்துப் பெரியவரை முன்வரிசையில் உக்கார வச்சு சால்வை போட்டாங்க. எனக்கு விழாவிலேயே ரொம்பப் பிடிச்சது அதுதான்.

கூட்டம் கலைஞ்சதும் அம்மாவோட உள்ளே போய்ப் பார்த்தேன். தரைத்தளத்துல பிரசவ அறை, பக்கத்திலேயே பிறந்த குழந்தையைச் சூடா வைக்கிற வார்மர், அடுத்து பிரசவம் ஆன அம்மாக்களுக்கான வார்டு. ஆய்வகம் தனியா வந்திருக்கு. ஸ்கேன் அறைன்னு பலகை இருக்கு, ஆனா பூட்டியிருந்தது. மாடியில ஆண்கள் வார்டும் இயன்முறை சிகிச்சை அறையும். சுவர்ல "24 மணி நேர சேவை"ன்னு பெரிசா எழுதியிருக்கு.

அங்க இருந்த செவிலியர் ஒருத்தர்கிட்ட, "இனி எத்தனை பேர் டூட்டி பார்ப்பீங்க அக்கா?"ன்னு கேட்டேன். "அதே ஆளுங்கதான் தம்பி. இனிமே ரெண்டு கட்டடத்தையும் சேர்த்துப் பாக்கணும்"னாங்க. நிலையத்துல ஒரு டாக்டர் பணியிடம் வேற காலியாக் கிடக்காம்.

அதனாலதான் இந்த இழை. கட்டடம் வந்ததுல எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனா ஆள் போடுறதுக்கு யார்கிட்ட, எப்படிக் கேக்கணும்? ஊர்க்காரங்களா நாங்க என்ன செய்யலாம்? துறையில் இருக்கிறவங்க, வேற ஊர்ல இதே அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

செவிலியம்மா எழுதியது:

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள். முதல்ல கட்டடத்தைப் பற்றிச் சொல்லிடுறேன். வெறும் செங்கல்லும் சிமெண்டும்தானேன்னு யாரும் நினைச்சுடக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்தப்போ பாதிப் பிரசவம் வீட்டிலேதான். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல தொப்புள்கொடி கட்டியிருக்கேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல மகப்பேறு நிதியுதவி 1987-ல் வந்தப்போ கைக்குக் கிடைச்சது சில நூறு ரூபாய்தான். அது படிப்படியா ஏறி 2018-லிருந்து 18,000 ஆச்சு. இதுல 14,000 பணமா வரும், மிச்சத்துக்குத்தான் நீங்க மேடையில் பார்த்த பெட்டகம். தமிழ்நாட்டுல ஆஸ்பத்திரியில பிறக்கிற குழந்தைகள் 99.6 சதவீதம்னு 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுச்சு. இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்.

ஆனா ஆஸ்பத்திரிக்கு வர்றாங்களே தவிர, தங்குறதில்லை. பிரசவம் ஆனா 48 மணி நேரம் இருக்கணும். தாய்க்கு அதிக ரத்தப்போக்கு வர்ற ஆபத்து முதல் 24 மணி நேரத்துலதான் அதிகம். குழந்தைக்கு மஞ்சள்காமாலைத் தடுப்பூசியும் அந்த நேரத்துக்குள்ள போட்டாகணும். இருந்தும் மறுநாள் காலையிலேயே "வீட்டுக்குப் போறோம் சிஸ்டர்"னு நிப்பாங்க. ஏன் தெரியுமா? படுக்கைக்குப் பக்கத்துல துணைக்கு வந்த மாமியார் உக்கார இடம் இருக்காது. கக்கூஸ் பொதுவா இருக்கும். காய்ச்சல், வயித்துப்போக்குன்னு வர்றவங்க அதே தாழ்வாரத்துல நடப்பாங்க. பச்சை உடம்புக்காரியை அங்க விட எந்தக் குடும்பத்துக்கு மனசு வரும்?

அதனால நீங்க சொன்னீங்களே, தாய்மார்களுக்குத் தனி வார்டு, அது ஒண்ணுக்காகவே இந்தக் கட்டடத்தை நான் கும்பிடுவேன். அந்த வார்டோட சேர்ந்தே கழிவறை இருக்கா, ராத்திரி சுடுதண்ணி கிடைக்குதா, இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

ஆள் விஷயம் நீங்க சொல்றது சரிதான். பிரசவ அறையில ஒருத்தி குழந்தை எடுத்துக்கிட்டு இருக்கும்போது வார்டுல ஒருத்திக்கு ரத்தம் போனா யார் பாக்குறது? ஒரே கட்டடமா இருந்தப்போ சத்தம் கேட்டு ஓடலாம். இப்போ நடுவுல முற்றம் வந்துடுச்சு.

---

வரப்புமேடு எழுதியது:

செவிலியம்மா மேல மரியாதை உண்டு. ஆனா எனக்கு இதுல நம்பிக்கை இல்லை, மனசுல பட்டதைச் சொல்லிடுறேன்.

எங்க ஊர்லயும் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினாங்க. திறப்பு விழாவுக்கு நானும் போய் நின்னவன்தான். இப்போ வாரத்துல பாதி நாள் பூட்டு. செவிலியர் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பாக்குறாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஜன்னல் கம்பி துருப்பிடிச்சிருச்சு. அந்தப் பணத்துல ரெண்டு பேரைக் கூடுதலா வேலைக்கு எடுத்திருந்தா பழைய கட்டடத்திலேயே சனத்துக்கு நல்லது நடந்திருக்கும். கட்டடம்னா கண்ணுக்குத் தெரியும், பேர் பொறிக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருக்கிற செவிலியருக்கு யாரும் கல்வெட்டு வைக்கிறதில்லை. எனக்கு அதுதான் வலிக்குது.

---

வட்டாரமருத்துவன் எழுதியது:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் மருத்துவர் நான். வரப்புமேடு ஐயா சொல்வதில் உள்ள வேதனை நியாயமானது. ஆனால் "அந்தப் பணத்தில் ஆள் எடுத்திருக்கலாம்" என்பது நடைமுறையில் முடியாது. ஏன் என்று சொல்கிறேன். ஆத்தங்கரைவாசியின் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

கட்டடத்துக்கு வரும் பணம் ஒருமுறைச் செலவு. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே மானியம் ஒதுக்கியது. நாடு முழுக்க சுமார் 70,000 கோடி. துணை நிலையக் கட்டடம், வட்டார பொது சுகாதார அலகு, ஆய்வக வசதி போன்றவற்றுக்கு அது போகும். தேசிய நலவாழ்வுக் குழுமப் பணமும் உண்டு, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியும் உண்டு. இவை எதையும் எடுத்து ஒரு நிரந்தரச் செவிலியருக்கு 30 ஆண்டு சம்பளம் கொடுக்க முடியாது. பணியிடம் உருவாக்குவது வேறு கோப்பு. பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்திலிருந்து கருத்துரு போக வேண்டும், நிதித் துறை ஒப்புக்கொள்ள வேண்டும், அரசாணை வர வேண்டும். அதன் பிறகு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும். கட்டடக் கோப்பு வேகமாக ஓடும், பணியிடக் கோப்பு பின்னால் வரும். சில ஊர்களில் வராமலே போகும்.

எனவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் எது காலி? இது ஒன்று. காலியிடத்தை நிரப்ப அரசாணை தேவையில்லை. கலந்தாய்விலோ மாற்றுப் பணியிலோ ஆள் போட மாவட்ட அளவிலேயே பேசலாம். புதுக் கட்டடத்துக்காகக் கூடுதல் பணியிடம் கேட்டுக் கருத்துரு போயிருக்கிறதா? இது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக் கேட்டால் "அரசுக்கு எழுதியிருக்கிறோம்" என்ற ஒரே பதில்தான் வரும்.

மருத்துவர் இடம் ஏன் காலியாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். என் வயதுக்காரர்கள் பலர் கிராம நிலையத்துக்கு விரும்பியே வருகிறோம். அரசுப் பணியில் உள்ளவர்களுக்கு முதுகலைப் படிப்பில் ஒதுக்கீடு இருப்பது ஒரு காரணம். அந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் கிராமத்துக்கு மருத்துவர் கிடைக்கிறார்; இடம் கிடைத்ததும் அவர் படிக்கப் போகிறார். அந்த மூன்று ஆண்டுக்கு மாற்று ஆள் போடாவிட்டால் நாற்காலி காலிதான். ஒதுக்கீட்டை எடுத்துவிட்டால் முதலில் வருவதற்கே ஆள் இருக்காது. மாற்று ஆள் போடும் ஏற்பாட்டைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஸ்கேன் அறை பூட்டியிருந்ததற்குக் காரணம் அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் எந்திரம் எந்த முகவரியில் இருக்கிறதோ அங்கே பதிவு வேண்டும். பழைய கட்டடத்திலிருந்து புதியதற்கு மாற்றினாலும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவர் பெயரும் பதிவில் இருக்க வேண்டும். விசாரித்துப் பாருங்கள்.

---

நாகலிங்கப்பூ எழுதியது:

டாக்டர் சார், ஒரு சந்தேகம். இந்தப் புதுக் கட்டடம் வந்தா சிசேரியன் அங்கேயே நடக்குமா? என் ரெண்டாவது பிரசவத்துல வலி எடுத்து இதே மாதிரி ஒரு நிலையத்துக்குப் போனோம். குழந்தையோட நாடித்துடிப்பு குறையுதுன்னு சொல்லி 108-ல் ஏத்தி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. நல்லபடியா பிறந்தான், அது வேற. ஆனா அந்த வண்டிப் பயணத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். என் தங்கை அதுக்குப் பயந்தே கடன் வாங்கித் தனியாருக்குப் போனா.

---

வட்டாரமருத்துவன் எழுதியது:

அம்மா, உடனே நடக்காது. வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

தேசிய அளவுகோலின்படி 30 படுக்கை கொண்ட சமுதாய சுகாதார மையத்தில் அறுவை, மகப்பேறு, குழந்தை, பொது மருத்துவம், மயக்க மருந்து ஆகிய துறைகளுக்குச் சிறப்பு மருத்துவர்கள் இருக்க வேண்டும். சமவெளியில் 1,20,000 பேருக்கு இப்படி ஒரு மையம் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் அமைப்பு வேறு. இங்கே 30 படுக்கை வட்டார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ், பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களைக் கொண்டு நடக்கின்றன. சிறப்பு மருத்துவர்கள் தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். அவசரத் தாய்சேய் சிகிச்சைக்கான சீமாங்க் மையங்களும் அங்கேதான். சில வட்டார நிலையங்களில் வெளியிலிருந்து மயக்க மருந்து மருத்துவரை வரவழைத்து அறுவைப் பிரசவம் செய்திருக்கிறார்கள். அதற்கு அறுவை அரங்கும், ரத்தம் சேமிக்கும் வசதியும், எந்த நேரமும் ஆளும் வேண்டும். வார்டு பெரிதானதால் மட்டும் அது வராது.

உங்களை அனுப்பிய முடிவு சரியானது. நாடித்துடிப்பு குறைவதைக் கவனித்து உடனே அனுப்புவதுதான் இந்த நிலையத்தின் வேலையில் மிக முக்கியமான பகுதி. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுவைப் பிரசவம் 44.9 சதவீதம், தனியாரில் அதைவிட நிறையக் கூடுதல். பயத்தால் தனியாருக்குப் போகும் உங்கள் தங்கையைப் போன்றவர்களுக்கு, இயல்பாகப் பிரசவிக்க நிதானமான, நம்பகமான இடம் பக்கத்திலேயே வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் பிரசவ அறைக்கென்றே ஒரு செவிலியர் இருந்தால் அது சாத்தியம். திரும்பவும் ஆள் பிரச்சினைக்கே வந்து நிற்கிறோம்.

---

கட்டுமானம்சிவா எழுதியது:

நான் அரசு ஒப்பந்த வேலைகளில் மேற்பார்வைப் பொறியாளரா இருக்கேன். ஆளைப் பத்தி மத்தவங்க சொல்லிட்டாங்க, கட்டடத்தைப் பத்தி நான் சொல்றேன். திறப்பு விழா முடிஞ்ச கையோடதான் ஊர்க்காரங்க கட்டடத்தை நல்லாப் பாக்கணும். ஒப்பந்தத்துல குறைநீக்கக் காலம்னு ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள கசிவு, விரிசல் வந்தா ஒப்பந்ததாரர் சொந்தச் செலவுல சரி பண்ணணும். அந்தக் காலம் முடிஞ்சுட்டா ஒவ்வொரு குழாய்க்கும் மதிப்பீடு போட்டு அனுமதி வாங்கணும். உங்க ஊர் டெல்டா. வடகிழக்குப் பருவமழை ஒரு தடவை அடிச்சா எல்லாம் தெரிஞ்சுடும். மழை பெய்யும்போது மாடிக்குப் போய் போட்டோ எடுத்து, தேதியோட எழுத்துல கொடுத்து வைங்க.

சாய்தளத்தைப் பாருங்க. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். இடம் பத்தலன்னு செங்குத்தாக் கட்டிருந்தா சக்கர நாற்காலியை ஒருத்தர் தள்ள முடியாது. ஆண்கள் வார்டு மாடியிலன்னு சொல்றீங்க, அங்க ஸ்ட்ரெச்சர் எப்படி ஏறும்? லிஃப்டா, சாய்தளமா? இது எனக்குக் கவலையா இருக்கு.

அடுத்தது கரண்ட். தடுப்பூசி வைக்கிற ஐஸ் லைன்டு குளிர்பெட்டி 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். அதைப் புதுக் கட்டடத்துக்கு மாத்தினாங்களா, அந்த லைனுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கா? பிரசவ அறைக்கும் அப்படித்தான். மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு நாலு நிறத்துல பிரிச்சு வைக்கணும், 48 மணி நேரத்துக்குள்ள அது வளாகத்தை விட்டுப் போகணும்னு 2016 விதி. தற்காலிகமா வைக்கத் தனி அறை கட்டியிருக்காங்களான்னு பாருங்க. கூடுதல் கட்டடம் கட்டும்போது அதிகமா மறந்து போறது இந்த அறைதான். கடைசியில மாடிப்படிக்குக் கீழே வைப்பாங்க.

---

வடமராட்சியாள் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். உங்கட கதையை வாசிக்க எங்கட ஊரைப் பாத்த மாதிரியே இருக்கு.

எங்கட பக்கத்தில சுகாதார அலகு எண்டு 1926-ம் ஆண்டிலயே களுத்துறையில தொடங்கினவை. இப்ப நாடு முழுக்க சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கு. அதுக்குக் கீழ குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் எண்டுதான் கூப்பிடுறனாங்கள். பிள்ளை பிறந்த வீட்டை அவா தேடி வருவா. அந்த அமைப்பு நல்ல பலமானது.

பிரதேச வைத்தியசாலையில விடுதி, அதுதான் நீங்கள் சொல்லுற வார்டு, கட்டுறதுதான் பிரச்சினை. எங்கட ஊராக்கள் கனடாவிலயும் லண்டனிலயும் காசு சேர்த்து ஒரு விடுதி கட்டித் தந்தவை. திறப்பு விழாவுக்கு அங்கயிருந்தும் வந்தவை. நானும் போனனான், கண் கலங்கினதுதான். ஆனா ஆளணி, அதுதான் வேலை செய்யிற ஆக்கள், அமைச்சிட்டயிருந்து வரவேணும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தினை டொக்டர்மார் வெளிநாடு போயிட்டினம். கட்டில் இருக்கு, மெத்தை இருக்கு, தாதி காணாது.

பிறகு எங்கட ஆக்கள் ஒரு முடிவெடுத்தவை. இனி ஆரும் கட்டடம் கட்டித் தாறம் எண்டு வந்தா, முதல்ல ஆளணி அங்கீகாரக் கடிதம் கையில இருக்கோ எண்டு வைத்தியசாலை அபிவிருத்திக் குழு கேட்கவேணும். கடிதம் இல்லாட்டி அந்தக் காசில உபகரணம் வாங்கலாம், இருக்கிற தாதிமாருக்கு குவாட்டர்ஸைத் திருத்தலாம். தங்கிறதுக்கு நல்ல இடம் இருந்தா இரவுக் கடமைக்கு ஆக்கள் மாற்றம் கேட்காமல் இருப்பினம். தம்பி, உங்கட நிலையத்தில செவிலியருக்கு குவாட்டர்ஸ் இருக்கோ? அதைக் கேட்டுப் பாருங்கோ.

---

செவிலியம்மா எழுதியது:

யாழ்ப்பாணத்துத் தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. குவார்ட்டர்ஸ் இடிஞ்சு கிடந்தா ராத்திரி டூட்டி முடிச்சவ பஸ் வர்ற வரைக்கும் வெளிநோயாளி பெஞ்சுல உக்காந்திருப்பா. இரவுக் காவலரும் கேளுங்க. குடிச்சிட்டு வந்து கத்துறவங்களை ஒரு பொம்பளை தனியா எப்படிச் சமாளிப்பா? செவிலியருங்க பல பேர் தொகுப்பூதியத்துல வேற இருக்காங்க. வேலை நிரந்தரமாகுமான்னு தெரியாமலே ராத்திரி பூரா முழிச்சுப் பிரசவம் பாக்குறாங்க.

வரப்புமேடு தம்பி, உங்க ஊர்க் கட்டடம் பூட்டிக் கிடக்கிறதைப் படிச்சு எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதைத் திறக்க வைக்கிறதுக்கும் இதே வழிதான்.

---

களத்துமேட்டான் எழுதியது:

அண்ணன்மாருக்கு வணக்கம். ஆண்கள் வார்டுன்னதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நாங்க வயக்காட்டுல வேலை பாக்குறவங்க. அறுப்பு நேரத்துல பாம்புக்கடி வந்தா இங்க மருந்து இருக்கும்னு சொல்றாங்க, ஆனா "இங்க வச்சுக்க முடியாது"ன்னு ராத்திரியே அனுப்பிடுவாங்க. இனிமே வச்சுப் பாப்பாங்களா?

---

வட்டாரமருத்துவன் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும். முதல் தவணையாக வழக்கமாக 10 குப்பி ஏற்றுவோம். கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடியா என்று பார்க்க, சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. பிறகும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்ய வேண்டும், சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குத்தான் படுக்கையும், ராத்திரி முழுக்கக் கண் வைக்கும் செவிலியரும் வேண்டும். கட்டுவிரியன், நாகம் கடித்து மூச்சுத் திணறினால் செயற்கைச் சுவாசம் உள்ள இடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் முதல் தவணை மருந்தை இங்கேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள்.

பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2024-ல் அறிவித்திருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு என்று பதிவானால் மருந்து ஒதுக்கீட்டுக்கு அது உதவும்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

மருந்தாளுநர் நான். ஒதுக்கீடுன்னு டாக்டர் சொன்னதால ஒரு வார்த்தை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கின பிறகு மருந்து வாங்குறது பெரும்பாலும் அவங்க வழியாத்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் உண்டு. வருஷ ஒதுக்கீடு அதுல ஏறும். மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழியும். கட்டடம் பெருசானதும் சனம் கூடும், பாஸ்புக் தொகை தானாக் கூடாது. எத்தனை பேர் வந்தாங்கங்கிற பதிவைக் காட்டித்தான் கூடக் கேக்க முடியும். அதனால தெரிஞ்ச சிஸ்டர்னு சொல்லி ஓரமா நின்னு மாத்திரை வாங்கிட்டுப் போகாதீங்க. வரிசையில நின்னு சீட்டுப் போட்டு வாங்குங்க. ஒவ்வொரு சீட்டும் அடுத்த வருஷத்துக்கான ஆதாரம்.

---

ஆத்தங்கரைவாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத்தனை விஷயம் இருக்கும்னு நினைக்கல. திரும்பப் போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுறேன்.

செவிலியம்மா, தாய்மார் வார்டுக்குள்ளேயே ரெண்டு கழிவறை இருக்கு. சுடுதண்ணிக்குச் சூரிய சக்தி ஹீட்டர் மாட்டியிருக்காங்க, குழாய் இணைப்பு இன்னும் கொடுக்கல. துணைக்கு வர்றவங்களுக்குப் படுக்கைப் பக்கத்துல ஸ்டூல் போட்டிருக்காங்க. சிவா அண்ணா, மாடிக்குச் சாய்தளம் இருக்கு, லிஃப்ட் இல்லை. டேப் வச்சு அளந்தேன், சரிவு நீங்க சொன்ன அளவுதான், நல்லாவே கட்டியிருக்காங்க. மருத்துவக் கழிவு வைக்கிற அறை இல்லை. தடுப்பூசிப் பெட்டி பழைய கட்டடத்திலேயே இருக்கு, ஜெனரேட்டர் அங்கதான்ங்கிறதால மாத்தலையாம். அது நல்லதுதானே? குவார்ட்டர்ஸ் ஓடு உடைஞ்சு கிடக்கு அக்கா, யாரும் தங்கல.

வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்தேன். மரியாதையாப் பேசினார். ஸ்கேன் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தாச்சு, சான்றிதழ் வந்ததும் திறப்போம்னார். டாக்டர் சார் சொன்ன ரெண்டு கேள்வியையும் தனித்தனியாக் கேட்டேன். காலியிடம் ஒரு டாக்டர், ஒரு ஆய்வக நுட்பநர்னு சொன்னார். கூடுதல் பணியிடத்துக்குக் கருத்துரு "தயாராகிட்டு இருக்கு"ன்னார். அதாவது இன்னும் போகல. "ஊர்லேருந்து தீர்மானம் வந்தா எனக்கும் எழுத வசதியா இருக்கும்"னு அவரே சொன்னார்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இதைக் கொண்டு போறோம். எப்படி எழுதணும்?

---

வட்டாரமருத்துவன் எழுதியது:

பொருத்தமான நாள். சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ல் அதே அக்டோபர் 2-ல்தான் தொடங்கியது. அதன் பகுதியாகத்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களே நாட்டில் வந்தன.

"கூடுதல் பணியாளர் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். புதிய பிரசவப் பிரிவில் 24 மணி நேரமும் தனிச் செவிலியர் இருக்கும்படி மூன்று ஷிப்டுக்கும், விடுப்பு மாற்றுக்கும் சேர்த்துக் கூடுதல் செவிலியர் பணியிடம், காலியாக உள்ள மருத்துவர், ஆய்வக நுட்பநர் இடங்களை நிரப்புதல், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர் என்று பதவிப் பெயரோடு எழுதுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித் தீர்மானம் போடுங்கள். ஒன்று தள்ளுபடி ஆனாலும் மற்றது நிற்கும். முன்பு துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள் என்று இருந்தவர் இப்போது மாவட்ட சுகாதார அலுவலர். நகல் அவருக்கும் ஆட்சியருக்கும் போகட்டும். ஒரே ஊராட்சி போதாது. இந்த நிலையத்தை நம்பியிருக்கிற மற்ற ஊராட்சிகளும் அதே வாசகத்தில் தீர்மானம் போட்டால் கருத்துருவோடு இணைக்க வலுவாக இருக்கும்.

குவார்ட்டர்ஸ் ஓடு, ஹீட்டர் குழாய் மாதிரிச் சின்ன வேலைகளுக்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். நோயாளர் நலச் சங்கம் ஒவ்வொரு நிலையத்துக்கும் உண்டு. அதில் ஊர்ப் பிரதிநிதி யார் என்று கேளுங்கள். அந்த நிதியில் செய்யலாம்.

---

கட்டுமானம்சிவா எழுதியது:

ஹீட்டர் குழாயை நலச் சங்கப் பணத்துல பண்ண வேண்டாம் சார். அது ஒப்பந்தத்துல உள்ள வேலையா இருக்கும். முதல்ல மதிப்பீட்டு நகல் கேளுங்க. கொடுக்கலன்னா 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 30 நாள்ல பதில் வரணும். மருத்துவக் கழிவு வைக்கிற அறையும் மதிப்பீட்டுல இருந்தும் கட்டாம விட்டிருந்தா ஒப்பந்ததாரரே கட்டிக் கொடுக்கணும். தடுப்பூசிப் பெட்டி பழைய இடத்திலேயே இருக்கட்டும், புதுசுக்கு ஜெனரேட்டர் லைன் வர்ற வரைக்கும் அசைக்கவே விடாதீங்க.

---

வரப்புமேடு எழுதியது:

தனித்தனித் தீர்மானம்கிற யோசனையை எங்க ஊருக்கும் எடுத்துக்கிறேன். துணை நிலையத்துக்கு 5,000 பேருக்கு ஒரு செவிலியர்னு கணக்கு இருக்குன்னு படிச்சிருக்கேன். எங்க ரெண்டு ஊரையும் சேர்த்தா அதுக்கு மேல வருது. செவிலியம்மா, தீர்மானத்துல அதைக் குறிப்பிட்டா பலன் இருக்குமா?

---

செவிலியம்மா எழுதியது:

கண்டிப்பா இருக்கும் தம்பி. சமவெளிக்கு 5,000, மலைப்பகுதிக்கு 3,000. செவிலியர்கிட்டேயே குடும்பப் பதிவேடு இருக்கும். மக்கள்தொகை எவ்வளவு, இப்போ கர்ப்பமா இருக்கிறவங்க எத்தனை பேர்னு அதுல இருக்கும். அவங்களை மிரட்டிக் கேக்காம, பக்கத்துல உக்காந்து கேளுங்க. எண்ணிக்கையை மட்டும் எழுதுங்க, பொண்ணுங்க பேரை எழுதாதீங்க. கிராம சபைக்கு அவங்களையும் கூப்பிடுங்க, ஆனா கோரிக்கையை ஊர்க்காரங்க வாயால சொல்லணும். அவங்க வாயால சொல்ல வச்சா நாளைக்கு அவங்களுக்குத்தான் மெமோ வரும்.

ஆத்தங்கரை தம்பி, நீங்க செவ்வாய்க்கிழமை ஒரு தடவை போங்க. அன்னைக்குத்தான் கர்ப்பிணிகள் பரிசோதனை. சுத்துப்பட்டு ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் அங்க இருப்பாங்க. உங்க அம்மாவையே பேசச் சொல்லுங்க. ஒவ்வொரு ஊர்லேருந்தும் நாலு பேரு தன் ஊர் கிராம சபைக்குப் போய் இதைச் சொல்றேன்னு ஒத்துக்கிட்டா, மத்த ஊராட்சித் தீர்மானமும் தானா வந்துடும்.